லேட்டரல்: எதற்குப் பக்கம்?

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர், தாம் ‘லேட்டரல் என்ட்ரி’யில் வந்ததாகச் சொல்கிறார். சொட்டுநீர்ப் பாசனம் அமைத்திருக்கும் விவசாயி, அணில் கடித்துத் துளைபோட்ட லேட்டரலை மாற்ற வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்கிறார். முழங்கால் வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘லேட்டரல் மெனிஸ்கஸ்’ என்று எழுதியிருக்கிறது. புதுப்பந்து ஆடுகளத்தில் பட்டு விலகும்போது கிரிக்கெட் வருணனையாளர்கள் ‘லேட்டரல் மூவ்மென்ட்’ என்கிறார்கள். ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் இவை அனைத்துக்கும் ‘பக்கவாட்டு’ என்ற பொருள்தான் கிடைக்கிறது. அது பிழையான பொருள் அன்று, ஆனால் போதாது. மாணவர் எந்தப் பக்கமாக நுழைந்தார், குழாய் எதன் பக்கத்தில் கிடக்கிறது, முழங்காலின் இரு பக்கங்களில் அறிக்கை குறிப்பது எது என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

வடக்கு, தெற்கு, மேல், கீழ் போன்ற சொற்கள் தமக்கென ஒரு திசையை உடையவை. லேட்டரலுக்கு அப்படி ஒரு திசை கிடையாது. முதலில் ஒரு நடுக்கோடோ தலைமைக் கால்வாயோ படிவரிசையோ இருந்தாக வேண்டும். அதிலிருந்து இடப்புறமோ வலப்புறமோ விலகி நிற்பதற்கும், விலகிச் செல்வதற்கும், குறுக்கே வந்து சேர்வதற்கும் இந்தப் பெயர் பொருந்துகிறது. எந்தத் துறை எதைத் தலைமைக் கோடாகக் கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அத்துறையில் இச்சொல் என்ன சொல்கிறது என்பதும் தெளிந்துவிடும். தெரியாமல் ‘பக்கவாட்டு’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்தால், சில இடங்களில் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. வேறு சில இடங்களில் தவறாகவே விளங்கும். மருத்துவத்தில் அந்தத் தவறு சிறியதாக இருப்பதில்லை.

சொல்லின் பிறப்பிடம் லத்தீன். அம்மொழியில் ‘லத்துஸ்’ என்ற பெயர்ச்சொல் முதலில் உடம்பின் விலாப்புறத்தைக் குறித்தது. பிறகு எந்தப் பொருளின் பக்கத்தையும் குறிக்கலாயிற்று. வேற்றுமை ஏற்கும்போது அது ‘லத்தெரிஸ்’ என்று திரியும். அந்தத் திரிந்த அடியிலிருந்து ‘பக்கத்தைச் சார்ந்த’ என்று பொருள்படும் ‘லத்தெராலிஸ்’ என்ற அடைமொழி உண்டாகி, பழைய பிரெஞ்சின் வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்திடம் அப்போதே ‘சைடு’ என்ற சொந்தச் சொல் இருந்தது. அதுவும் ஆதியில் உடம்பின் பக்கத்தைக் குறித்த ஜெர்மானியச் சொல்தான். பேச்சுக்கும் வீட்டுக்கும் ‘சைடு’, மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கணிதத்துக்கும் ‘லேட்டரல்’ என்று அம்மொழி இரண்டையும் பங்கிட்டுக்கொண்டது. ‘லத்துஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் சொற்பிறப்பியலாளர்களிடையே முடிவு ஏற்படவில்லை.

தமிழில் ‘மருங்கு’ என்ற சொல்லின் வரலாறு இதற்கு மிக அருகில் வருகிறது. மருங்கு என்றால் பக்கம். இடை என்னும் உடலுறுப்பும் மருங்குதான். சுற்றத்தாரையும் குலத்தையும்கூட இலக்கியம் மருங்கு என்று குறிக்கிறது. உடம்பின் பக்கத்திலிருந்து பொதுவான பக்கத்துக்கும், அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் உறவினருக்கும் பொருள் விரிவது இரு மொழிகளிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. ‘பக்கம்’ என்ற சொல்லையோ, சிறகையும் பக்கத்தையும் குறிக்கும் வடமொழிப் ‘பட்ச’த்தின் பிராகிருத வடிவத்தோடு அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன.

லத்தீன் ‘லத்துஸ்’ பற்றிப் பேசும்போது அதன் உருவொத்த சொற்களைப் பிரித்துக் காட்டாமல் போனால் குழப்பம் மிஞ்சும். ரோமன் எழுத்து உயிரின் குறில் நெடிலை வேறுபடுத்தி எழுதுவதில்லை. தமிழ் எழுத்து வேறுபடுத்துவதால் நமக்கு இது எளிதாக விளங்கும். குறிலோடு வரும் ‘லத்துஸ்’ பக்கம். நெடிலோடு வரும் ‘லாத்துஸ்’ அகலமான. அதே நெடிலோடு வரும் மற்றொரு ‘லாத்துஸ்’ சுமக்கப்பட்ட, கொண்டுசெல்லப்பட்ட என்று பொருள்படும் பெயரெச்ச வடிவம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள தொலைவைக் குறிக்கும் ‘லாட்டிட்யூட்’ பக்கத்திலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள்; அது அகலத்திலிருந்து வந்தது. பழங்கால கிரேக்கர் அறிந்திருந்த நிலப்பரப்பு கிழக்கு மேற்காக நீண்டும் வடக்குத் தெற்காகக் குறுகியும் இருந்ததால், வடக்குத் தெற்கு அளவை அவர்கள் உலகத்தின் அகலமாகக் கொண்டனர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அட்சக்கோடு என்று எழுதும்போது இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘அகலக்கோடு’ என்று எழுதுகின்றன. சொல்லின் மூலப்பொருளுக்கு இலங்கை வழக்கே மிக நெருக்கமானது.

மூன்றாவதான ‘சுமக்கப்பட்ட’ என்னும் லாத்துஸிலிருந்து ‘டிரான்ஸ்லேட்’, ‘ரிலேட்’ போன்ற சொற்கள் வருகின்றன. ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்குத் தூக்கிச் செல்வதே டிரான்ஸ்லேட். தூக்குதல், சுமத்தல் என்னும் பொருளுடைய இந்த இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் வடமொழித் ‘துலா’வும் பிறந்தது என்பது மொழியியலாளர் கருத்து, அந்தத் துலாவை நாம் துலாக்கோலிலும் துலாம் ராசியிலும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். லேட்டரலுக்கு இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை.

இன்னொரு போலியும் உண்டு. அது நம் மண்ணோடு தொடர்புடையது. லத்தீனில் செங்கல்லுக்கு ‘லத்தெர்’ என்று பெயர். வேற்றுமை ஏற்கும்போது அதுவும் ‘லத்தெரிஸ்’ என்றே திரிவதால், பக்கமும் செங்கல்லும் அந்த வடிவத்தில் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கனரா, மலபார் பகுதிகள் வழியே பயணம் செய்தார். இன்றைய மலப்புறம் மாவட்டத்தின் அங்காடிப்புறத்தில் மக்கள் நிலத்திலிருந்து மென்மையான செந்நிறப் பாறையைச் செங்கல் வடிவில் வெட்டியெடுத்து, காற்றில் இறுகிய பின் அதைக்கொண்டு வீடு கட்டுவதைக் கண்டார். 1807இல் வெளியான தம் பயண நூலில் அந்தப் பாறைக்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். நாம் செம்புரைக்கல் என்று சொல்வது அதைத்தான். அது படுகையாகப் பரவிக் கிடப்பதால் லேட்டரலிலிருந்து பெயர் வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் அங்கே இருப்பது செங்கல். ரோம் நகரின் புகழ்பெற்ற லாட்டரன் மாளிகையும் பக்கத்தால் பெயர்பெற்றதன்று. அந்த நிலத்தை முன்பு வைத்திருந்த லாட்டரானுஸ் குடும்பத்தின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

உண்மையான பக்கப் பொருளில் ரோமிலிருந்து தமிழ்நிலத்துக்கு ஒரு பதவிப்பெயர் வந்திருக்கிறது. திருத்தந்தையின் நேரடிப் பிரதிநிதியாக, அவர் பக்கத்திலிருந்தே அனுப்பப்படும் தூதருக்கு லத்தீனில் ‘ஆ லத்தெரே’ என்ற அடைமொழி சேரும். ‘பக்கத்திலிருந்து’ என்பதே அதன் நேர்ப்பொருள். அந்தத் தகுதியோடு வந்த தூர்னோன் 1703இல் புதுச்சேரியை அடைந்தார். இயேசு சபையினர் தமிழ்க் கிறித்தவர்களிடையே அனுமதித்திருந்த உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்யும் ஆணையை 1704இல் அங்கிருந்து பிறப்பித்தார். மலபார்ச் சடங்குகள் என்று அழைக்கப்பட்ட இவ்வழக்கங்கள் பற்றிய நெடிய சர்ச்சையில் அந்த ஆணைக்கு முக்கிய இடம் உண்டு. அவர் சொல் திருத்தந்தையின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்பதைத்தான் ‘பக்கத்திலிருந்து’ என்ற சிறு தொடர் உணர்த்தியது. பக்கத்தில் நிற்பதே இங்கே அதிகாரம்.

கணிதத்தில் இச்சொல் தன் பழைய பொருளைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருக்கிறது. சமபக்க முக்கோணத்தில் நாம் பக்கம் என்கிறோம். நான்கு பக்கம் கொண்ட உருவத்தை மட்டும் நாற்கரம் என்று கரத்தால் அழைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் பரவளையம் படித்தவர்களுக்குச் ‘செவ்வகலம்’ நினைவிருக்கும். அது லத்தீனில் ‘லத்துஸ் ரெக்டும்’, அதாவது நிமிர்ந்த பக்கம். கிரேக்கக் கணிதர் அப்பொலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய ‘நிமிர்ந்த பக்கம்’ என்ற கிரேக்கத் தொடரை லத்தீனில் அப்படிப் பெயர்த்தார்கள். தமிழில் பக்கத்துக்குப் பதில் அகலம் வந்துவிட்டது. மூலத்தை வைத்துப் பார்த்தால் அது வேறொரு லாத்துஸின் பொருள். ஆனால் குவியத்தின் வழியே வளைவரையின் குறுக்கே செல்லும் அந்த நாணின் நீளம் உண்மையிலேயே அவ்விடத்தில் வளைவரையின் அகலம்தான் என்பதால், தமிழ்ச் சொல் மாணவருக்கு மூலத்தைவிட நன்றாகப் பொருளுணர்த்துகிறது. இதைத் திருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மருத்துவத்துக்கு வருவோம். உடற்கூறியலில் தலைமைக் கோடு என்பது உச்சந்தலையிலிருந்து கால்களுக்கு இடையே இறங்கி உடலை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் நடுக்கோடு. அதை நோக்கியிருப்பது ‘மீடியல்’, அதிலிருந்து விலகியிருப்பது ‘லேட்டரல்’. ஆகவே முழங்காலின் வெளிப்பக்கம் லேட்டரல். இரு முழங்கால்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கம் மீடியல். பக்கவாட்டு என்று பெயர்த்தால் இரண்டு பக்கங்களுமே பக்கவாட்டுதான் என்பதால் அறிக்கையைப் படிக்கும் நோயாளிக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. ‘வெளிப்பக்க’ என்று சொன்னால் தெரிந்துவிடும். கணைக்காலின் இரு எலும்புகளுக்குக் கணைக்கால் உள்ளெலும்பு, கணைக்கால் வெளியெலும்பு என்று பெயரிட்டவர்கள் இதைச் சரியாக உணர்ந்திருந்தார்கள். கையில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி கைகளைத் தொங்கவிட்டு நிற்பதையே உடற்கூறியல் இயல்பு நிலையாகக் கொள்கிறது. அந்த நிலையில் கட்டைவிரல் வெளிப்புறம் இருப்பதால் அதுவே லேட்டரல். பிறகு கையை எப்படித் திருப்பி வைத்தாலும் கட்டைவிரலின் பக்கம் லேட்டரல்தான்.

கிடைமட்டம் என்ற பொருளில் இச்சொல்லைப் பயன்படுத்துவோர் பலர். இரண்டும் வேறு. கிடைமட்டம் அடிவானத்தை வைத்து அளக்கப்படுவது. லேட்டரல் உடம்பை அல்லது பொருளை வைத்து அளக்கப்படுவது. ஒருவர் ஒருக்களித்துப் படுத்தால் அவருடைய லேட்டரல் திசை செங்குத்தாக மேலே பார்க்கும். மீன்களின் உடலில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரின் அசைவை உணரும் அந்த உறுப்பு மீன் எப்படிச் சாய்ந்தாலும், தலைகீழாகப் பாய்ந்தாலும் பக்கக்கோடாகவே இருக்கும்.

தவறாக விளங்கும் என்று முன்னே சொன்னதற்கு இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பல்லாண்டு முடக்கிய நோயைக் காட்டலாம். அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ் என்ற அந்நோயைப் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1869இல் விவரித்து, 1874இல் அப்பெயரால் அழைத்தார். முதற்சொல் தசைகள் ஊட்டமிழந்து மெலிவதையும் இறுதிச்சொல் இறுகுதலையும் குறிக்கின்றன. நடுவில் உள்ள லேட்டரல், தண்டுவடத்தின் இரு ஓரங்களிலும் ஓடும் நரம்புத் தூண்களைக் குறிக்கிறது. மூளையிலிருந்து தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அந்த ஓரத் தூண்களின் வழியாகவே இறங்குகின்றன. இறந்தவர்களின் தண்டுவடத்தில் அவ்விடம் இறுகியிருப்பதை ஷார்கோ கண்டார். இதைப் ‘பக்கவாட்டு’ என்ற சொல்லோடு தமிழில் எழுதும்போது, பக்கவாதத்தை நன்கு அறிந்த நம் வாசகர்கள் உடம்பின் ஒரு பக்கம் செயலிழக்கும் நோய் என்று எண்ணிவிடுகிறார்கள். பக்கவாதம் பெரும்பாலும் மூளையின் இரத்த ஓட்டம் தடைபடுவதால் சட்டென்று வருவது. இந்த நோய் மெல்ல மெல்ல இரு பக்கத் தசைகளையும் பற்றிக்கொண்டு போவது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் என்று அறிய நேர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பொறியியலிலும் வேளாண்மையிலும் தலைமைக் கோடு கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் மோட்டாரிலிருந்து வருவது மெயின், அதிலிருந்து பிரிவது சப்மெயின், சப்மெயினிலிருந்து பயிர்வரிசைதோறும் பிரிந்தோடும் 12 அல்லது 16 மில்லிமீட்டர் கருப்புக் குழாய்தான் லேட்டரல். அதிலுள்ள சொட்டுவான் வழியாகவே நீர் வேரை அடைகிறது. தோட்டத்தில் ‘பக்கவாட்டுக் குழாய்’ என்று யாரும் சொல்வதில்லை. அரசுக் கையேடுகளில் மட்டுமே அத்தொடர் வாழ்கிறது. பாறைப்பாங்கான கொங்கு நாட்டில் கிணற்றின் அடியிலிருந்து குறுக்காகத் துளையிட்டு ஊற்றைத் தேடுவதைச் ‘சைடு போர்’ என்று மக்கள் சொல்கிறார்கள். லேட்டரல் சொல்ல வந்ததைச் சைடு சொல்லிவிடுகிறது.

கட்டடத்துக்குத் தலைமைக் கோடு புவியீர்ப்புத் திசை. தன் எடையையும் உள்ளிருப்போர் எடையையும் தூண்கள் கீழே இறக்குகின்றன. காற்றும் நிலநடுக்கமும் அதற்குக் குறுக்கே தள்ளுகின்றன. அந்தக் குறுக்கு விசையே லேட்டரல் லோடு. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் புஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், நீண்ட தொலைவிலுள்ள அகமதாபாத்தில்கூடப் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் விழுந்தன. வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களோடு மட்டும் விட்டிருந்த கட்டடங்கள் அவற்றுள் நிறைய. எடையைத் தாங்கப் போதுமானவையாக இருந்த அந்தத் தூண்களுக்குக் குறுக்குத் தள்ளலைத் தாங்கும் வலு இல்லை. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க விதித்தொகுப்பில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. இத்துறையில் ‘கிடைவிசை’ என்பதே போதுமான, தெளிவான தமிழ். ஏனென்றால் இங்கே மட்டும் லேட்டரலும் கிடைமட்டமும் உண்மையிலேயே ஒன்றாகின்றன.

‘உடன்’ என்று பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்த ‘கொலாட்டரல்’ தனி வரலாறு உடையது. இடைக்கால லத்தீனில் அதற்குப் பக்கத்துக்குப் பக்கமாக இருப்பது என்று பொருள். சட்டத்தில் அது முதலில் உறவுமுறைக்குப் பயன்பட்டது: தந்தை, மகன், பேரன் என்று நேராக இறங்குவது நேர்வழி, அண்ணன் தம்பி, சிற்றப்பன், அவர் மக்கள் என்று அந்த நேர்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்போர் கொலாட்டரல். நம் பங்காளி, தாயாதி என்னும் சொற்கள் இவ்வுறவினரில் தந்தைவழியினரைக் குறிக்கின்றன. ஆனால் தமிழ்ச் சொல் நிற்கும் இடத்தை விட்டுவிட்டுச் சொத்தில் உள்ள பங்கையும் தாயத்தையும் பார்க்கிறது. கடனுக்குத் தரும் ஈட்டுக்கும் இப்பெயர் வந்தது, திருப்பித் தருவேன் என்ற தலைமை வாக்குறுதிக்குப் பக்கத்தில் அந்த ஈடு துணையாக நிற்பதால்தான். ஈடு, பிணை, அடமானம் என்று நமக்குக் காலங்காலமாகச் சொற்கள் இருப்பதால் இங்கே புதுச்சொல் தேவைப்படவில்லை.

இதே சொல் போர் மொழிக்குள் போனபோது நடந்தது வேறு. தாக்குதலின் இலக்குத்தான் தலைமைக் கோடு என்று வைத்துக்கொண்டால், அதைச் சுற்றி வாழ்ந்த மக்கள் சாவது ‘பக்கத்தில் நேர்ந்த சேதம்’ ஆகிவிடுகிறது. 1991 வளைகுடாப் போரின்போது ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்ற தொடர் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவியது. 1999இல் நேட்டோ படைகள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியபோது அத்தொடரின் ஜெர்மன் வடிவம் செய்திகளில் நிறைந்தது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஓர் ‘ஆகாத சொல்லை’த் தேர்ந்தெடுக்கும் மொழியறிஞர் குழு அவ்வாண்டுக்கு அதையே தேர்ந்தெடுத்தது. தமிழ் நாளிதழ்கள் இதைப் ‘பக்க விளைவு’ என்ற பாணியில் பெயர்ப்பதைவிட ‘பொதுமக்கள் உயிரிழப்பு’ என்று நேராக எழுதுவதே நேர்மை என்று உறுதியாக நம்புகிறேன். கொல்லப்பட்டவர் எவருக்கும் அவருடைய சாவு பக்கத்தில் நேர்ந்ததன்று.

எண்ணோடு சேரும் வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனிலேட்டரல், பைலேட்டரல், மல்டிலேட்டரல் ஆகியவற்றில் தலைமைக் கோடு மறைந்து, பேச்சுவார்த்தை மேசையின் பக்கங்களே மிஞ்சுகின்றன. ஒருதலைப்பட்சம், இருதரப்பு, பலதரப்பு என்று நாம் கொண்டிருக்கும் சொற்கள் முழுமையாகப் பொருந்துகின்றன. பக்கத்தைக் குறிக்கும் ‘தரஃப்’ என்ற அரபுச் சொல் உருது வழியே வந்து தமிழில் தரப்பானது.

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் பெற்ற புதுவாழ்வு மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோவால் வந்தது. 1967இல் அவர் ‘லேட்டரல் திங்கிங்’ என்ற தொடரை முன்வைத்தார். அதற்கு எதிராக அவர் நிறுத்தியது செங்குத்துச் சிந்தனை: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறி, ஒவ்வொரு படியும் சரியா என்று பார்த்துக்கொண்டே போகும் தருக்கம். தோண்டும் குழியை இன்னும் ஆழமாக்குவதால் வேறிடத்தில் குழி கிடைத்துவிடாது என்று அவர் விளக்கினார். சைடு போர் போட்ட ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழில் இதைப் பக்கவாட்டுச் சிந்தனை என்கிறார்கள். கேட்பவருக்கு அது ஒன்றையும் உணர்த்துவதில்லை. ‘மாற்றுவழிச் சிந்தனை’ என்பது சற்று மேல்.

நுழைவு என்ற பொருளில் இச்சொல் இன்று இந்திய அரசியலில் பெரிதும் பேசப்படுகிறது. இங்கே தலைமைக் கோடு என்பது அடிப்படியிலிருந்து மேற்படிக்குச் செல்லும் ஏணி. முதலாம் ஆண்டில் ஏறாமல் இரண்டாம் ஆண்டின் படியில் குறுக்கே வந்து கால்வைப்பதால் டிப்ளமோ மாணவர் ‘லேட்டரல்’ ஆகிறார். இந்தச் சேர்க்கையை அரசு அறிவிப்புகள் ‘நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை’ என்கின்றன. ஆங்கிலம் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்ல, தமிழ் நேராக வந்ததாகச் சொல்கிறது. முரணாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன: ஏணியைப் பார்ப்பவருக்கு அது பக்கம், மாணவரின் நிலையிலிருந்து பார்ப்பவருக்கு அது நேர். தமிழ்த் தொடர் மாணவரின் மூன்றாண்டு உழைப்பை மதிக்கிறது; பக்கவழி நுழைவு என்று பெயர்த்திருந்தால் அதில் ஓர் இழிவு ஒட்டியிருக்கும்.

ஒன்றிய அரசின் உயர்பதவிகளில் அந்த ஒட்டுதல் வெளிப்படையாகவே நிகழ்ந்தது. குடிமைப் பணித் தேர்வெழுதிப் படிப்படியாக உயர்ந்தவர்கள் வகிக்கும் இணைச் செயலாளர் போன்ற பதவிகளுக்கு வெளியிலிருந்து வல்லுநர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்க 2018இல் முதல் விளம்பரம் வந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் 45 பதவிகளுக்கு அதே முறையில் விளம்பரம் செய்தபோது, இந்த நியமனங்களில் இடஒதுக்கீடு இல்லை என்ற கண்டனம் எழுந்தது. மூன்று நாள்களுக்குள் அந்த விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. ஆதரித்தவர்கள் ஏணிக்கு வெளியே உள்ள அறிவை உள்ளே கொண்டுவரும் வழியாக அச்சொல்லைக் கண்டனர். எதிர்த்தவர்கள் ஏணியில் பலருக்கும் இடம் உறுதிசெய்யும் விதியைத் தாண்டிவரும் கொல்லைப்புற வழியாகக் கண்டனர். பதவி உயர்வில்லாமல் சமமான வேறு பதவிக்கு ஒருவரை மாற்றுவதையும் அலுவலகங்களில் லேட்டரல் என்றே சொல்கிறார்கள். அங்கே ஏணி இருக்கிறது, ஏற்றம் இல்லை.

ஒலியியலில் இச்சொல் தமிழைத் தொடும் இடம் மிகச் செறிவானது. நாக்கின் நுனி வாயின் நடுவழியை அடைத்துக்கொள்ள, காற்று நாக்கின் ஓரங்கள் வழியாக வெளியேறும்போது பிறக்கும் ஒலிக்கு லேட்டரல் என்று பெயர். தமிழ் மொழியியலாளர் இதற்கு ‘மருங்கொலி’ என்ற அழகான சொல்லைத் தந்திருக்கிறார்கள். நாக்கின் மருங்குகளில் காற்று செல்வதால் அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. தமிழில் லகரமும் ளகரமும் மருங்கொலிகள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இவற்றை ஒரே நூற்பாவில் வைத்து, ‘நாவிளிம்பு வீங்கி’ என்று தொடங்குகிறது. நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைச் சேர, அவ்விடத்தில் அண்ணத்தை ஒற்றினால் லகரமும் வருடினால் ளகரமும் பிறக்கும் என்பது அதன் பொருள். நாவின் நுனியைப் பற்றியே பேசிவந்த ஆசிரியர் இந்த இரண்டுக்கு வந்ததும் விளிம்பைப் பேசுகிறார். மருங்கொலிக்கு விளிம்பே முதன்மை என்பதை அவர் செவியும் நாவும் கண்டுகொண்டிருந்தன.

ழகரம் மருங்கொலி அன்று. இதைச் சோதித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். லகரம் சொல்லும் நிலையில் நாக்கை அப்படியே நிறுத்திக் காற்றை வேகமாக உள்ளே இழுத்தால் நாக்கின் ஓரங்களில் குளிர்ச்சி தெரியும். ழகரத்தின் நிலையில் நிறுத்தி இழுத்தால் குளிர்ச்சி நாக்கின் நடுவே தெரியும். தொல்காப்பியர் ழகரத்தை லகர ளகரங்களோடு சேர்க்காமல் ரகரத்தோடு சேர்த்து, ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ அவ்விரண்டும் பிறக்கும் என்று வகுத்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் மழை ‘மளை’ என்று ஒலிக்கும்போது நடப்பது, நடுவழியில் சென்ற காற்று ஓரங்களுக்கு இடம் மாறுவதுதான்.

அயலார் காதுக்கு ழகரம் எந்தப் பக்கம் சேரும் என்று முடிவு செய்வது என்றும் கடினமாகவே இருந்திருக்கிறது. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டலமாகி ரகரம் பெற்றது. கோழிக்கோடு காலிகட்டாகி லகரம் பெற்றது. தமிழ் என்ற மொழிப்பெயரும் ஆங்கில எழுத்தில் லகரத்தோடே நிலைத்துவிட்டது. அறிஞர்களும் பிரிந்தே நின்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ரோமன் எழுத்தில் ழகரத்தை எல் எழுத்தின் அடியில் கோடிட்டுக் குறித்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இசட் எழுத்தின் அடியில் புள்ளியிட்டுக் குறித்தது. முதல் முறை ழகரத்தை ளகரத்தின் உடன்பிறப்பாகக் காட்டி, இல்லாத மருங்கைக் கேட்கச் செய்கிறது. இரண்டாவது முறை பழக்கத்துக்கு வர நாளாகுமே தவிர ஒலியைத் தவறான குடும்பத்தில் சேர்ப்பதில்லை.